எவர்சில்வர் பட்டைக் கம்பியில் வேப் காயில் கட்டுவது

கோயம்புத்தூர் கணபதியில் ஒரு மோட்டார் வைண்டிங் பட்டறையில் 11 ஆண்டுகள் காயில் கட்டினேன். இப்போது இங்கிலாந்தில் லெஸ்டர் நகரில் இருக்கிறேன். 22 ஆண்டுகள் விடாமல் பிடித்த சிகரெட்டை இங்கே வந்துதான் விட்டேன். விட உதவியது வேப் என்னும் மின் சிகரெட். அதற்குள் பஞ்சில் ஊறிய திரவத்தைச் சூடாக்கி ஆவியாக்கும் கம்பிச் சுருள்தான் காயில். கடையில் வாங்கும் காயில் பத்து நாளில் கருகிப்போவதைப் பார்த்ததும் பழைய தொழில் கையில் துறுதுறுத்தது. அன்று முதல் என் காயிலை நானே கட்டிக்கொள்கிறேன்.

தொடங்கும் முன் ஒன்று. இது ஏற்கெனவே புகைத்தவர்களுக்கான வேலை. புகைக்காதவர்கள் இதைத் தொடவே வேண்டாம். நிகோடின் பிடித்துக்கொண்டால் எளிதில் விடாது. இந்தியாவில் 2019-ஆம் ஆண்டுச் சட்டம் மின் சிகரெட் தயாரிப்பு, இறக்குமதி, விற்பனை எல்லாவற்றையும் தடை செய்திருக்கிறது. சிங்கப்பூரில் 2018 முதல் கையில் வைத்திருப்பதே குற்றம். ஊருக்குப் போகும்போது என் கருவி லெஸ்டர் வீட்டு அலமாரியிலேயே பூட்டியிருக்கும்.

இனிக் கம்பிக்கு வருவோம். நான் வாங்குவது 316எல் ரக எவர்சில்வர், அகலம் 0.5 மி.மீ., கனம் 0.1 மி.மீ. இதன் சுற்றளவு 1.2 மி.மீ. உருண்டைக் கம்பியில் இதே சுற்றளவு வேண்டுமானால் 0.38 மி.மீ. விட்டம் எடுக்க வேண்டும். அப்போது உள்ளே இருக்கும் உலோகம் இரண்டு மடங்குக்கும் மேலாகிவிடும். பஞ்சைத் தொடும் பரப்பு அதே அளவு, சூடேற்ற வேண்டிய உலோகமோ பாதிக்கும் குறைவு: பட்டையின் பலன் இவ்வளவுதான். பொத்தானை அழுத்தியதும் சூடு வந்துவிடும், விட்டதும் ஆறிவிடும்.

எவர்சில்வரைத் தேர்ந்தெடுப்பதற்கு வேறொரு காரணம் உண்டு. சூடு ஏற ஏற அதன் மின்தடை கணக்குப்படி ஏறும். அந்த ஏற்றத்தை வைத்துக் கருவி வெப்பநிலையை அறிந்து, பஞ்சு கருகும் முன்பே மின்சாரத்தைக் குறைத்துவிடும். காந்தல் (Kanthal) என்னும் இரும்பு-குரோமியம்-அலுமினியக் கலவைக் கம்பியில் இந்த ஏற்றம் மிகச் சிறிது என்பதால் அது இதற்கு உதவாது.

கம்பியை 12 செ.மீ. வெட்டிக்கொள்ளுங்கள். ஆலையில் உருட்டித் தட்டையாக்கியபோது பட்ட எண்ணெய் அதில் ஒட்டியிருக்கும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த துணியால் இரண்டு முறை துடைத்து உலரவிடுங்கள். சுருளின் வளைவு போக வேண்டுமானால் ஒரு வழவழப்பான கம்பியின் மேல் மெல்ல இழுத்தால் போதும். நகத்தால் நீவாதீர்கள். ஒரு மடிப்பு விழுந்தாலும் அந்த இடத்தில்தான் பிறகு சூடு குவியும்.

சுற்றுவதற்கு 2.5 மி.மீ. டிரில் பிட்டின் வழவழப்பான அடிப்பகுதி போதும். கம்பியின் ஒரு முனையில் 3 செ.மீ. விட்டு, இடது கட்டைவிரலால் பிட்டோடு சேர்த்து அழுத்திப் பிடியுங்கள். இப்போது கம்பியை பிட்டைச் சுற்றிக் கொண்டுபோகக் கூடாது. கம்பியை வலது கையில் இழுத்துப் பிடித்துக்கொண்டு பிட்டைத்தான் உருட்ட வேண்டும். பட்டறையில் பட்டைக் கம்பி வைண்டிங் வந்தால் முதலாளி சொல்லித்தந்த முதல் பாடம் இது. கையால் வளைத்துச் சுற்றினால் ஒவ்வொரு சுற்றிலும் கம்பியில் முறுக்கு ஏறும். உருண்டைக் கம்பியில் முறுக்கு விழுந்தாலும் தெரியாது, கெடுதலும் இல்லை. பட்டையில் முறுக்கு விழுந்தால் ஓரம் தூக்கிக்கொள்ளும். தூக்கிய ஓரம் பஞ்சைத் தொடாது. திரவம் எட்டாத அந்த இடம் காய்ந்து கொதிக்கும். என் முதல் காயிலில் நான்காவது சுற்று இப்படித்தான் தூக்கியிருந்தது. இரவுப் பணி இடைவேளையில் முதல் இழுப்பிலேயே தொண்டை எரிந்தது. பிரித்துப் பார்த்தபோது பஞ்சில் ஒரே ஒரு பழுப்புக் கோடு, சரியாக அந்தச் சுற்றின் அகலத்துக்கு.

ஆறு சுற்றுகள். சுற்றுக்கும் சுற்றுக்கும் 0.3 மி.மீ. இடைவெளி. நெருக்கி ஒட்டவைக்காதீர்கள்: பக்கத்துச் சுற்றுகள் தொட்டும் தொடாமலும் இருந்தால் மின்தடை ஆடும், கருவியின் வெப்பக் கணக்கு தவறிப்போகும். ஆறு சுற்றும் சேர்ந்து நாலரை மி.மீ. நீளம் வரும். உங்கள் அட்டமைசரின் (காயிலும் பஞ்சும் உட்காரும் பகுதி) தளத்தில் அவ்வளவு இடம் இல்லையென்றால் ஐந்து சுற்று போதும்.

பொருத்துவதில்தான் பலர் காயிலைக் கெடுக்கிறார்கள். பட்டையின் கால், அதாவது காயிலின் இரு பக்கமும் நீளும் முனை, திருகாணியின் அடியில் படுக்கையாகவே உட்கார வேண்டும். திருகாணி வலப்புறம் சுழலும்போது கம்பியையும் இழுத்துப்போகும். அந்த இழுப்பு கம்பியை உள்ளே இறுக்கும் பக்கமாகக் காலைச் செருகுங்கள். எதிர்ப்பக்கம் செருகினால் வெளியே தள்ளிவிடும், அல்லது ஓரம் கிழியும். பிட்டைக் காயிலுக்குள்ளேயே விட்டு இறுக்குங்கள். காயிலுக்கும் திருகாணிக்கும் நடுவில் கால் எவ்வளவு குட்டையோ அவ்வளவு நல்லது. பஞ்சில்லாத கால் வீணாகச் சூடாகும். மிச்ச முனையை ஒட்ட வெட்டுங்கள். நீட்டிக்கொண்டிருக்கும் முனை மூடியைத் தொட்டால் ஷார்ட் ஆகிவிடும்.

மின்தடையைப் பாருங்கள். சுற்றுக்கு 8.2 மி.மீ. வீதம் ஆறு சுற்றுக்கு 49 மி.மீ., கால்களுக்கு 8 மி.மீ.; மொத்தம் 57. இந்தக் கம்பி மீட்டருக்குச் சுமார் 15 ஓம். ஆக 0.86 ஓம் அருகே வர வேண்டும். 0.8 முதல் 0.95 வரை வந்தால் கவலையில்லை. எண் நிற்காமல் ஆடினால் திருகாணி தளர்ந்திருக்கிறது. எண் மிகக் குறைந்து வந்தால் எங்கோ தொடுகிறது. இந்த இரண்டு நிலையிலும் பேட்டரியை இணைத்து அழுத்தாதீர்கள். ஷார்ட்டை உணர்ந்து தானே நிற்கும் கருவியில் மட்டுமே இந்த வேலையைச் செய்யுங்கள். தடுப்பு இல்லாத வெறும் குழாய்க் கருவி வேண்டவே வேண்டாம்.

சீராகச் சூடாகிறதா என்று அறிய, வெளிச்சம் குறைந்த அறையில் 8 வாட்டில் அரை நொடி அரை நொடியாக அழுத்துங்கள். நடுவில் மங்கலாகச் சிவக்கத் தொடங்கியதும் விட்டுவிடுங்கள். ஒரு சுற்று மட்டும் முந்திச் சிவந்தால், ஆறவிட்டு பீங்கான் முனை இடுக்கியால் அதை மெல்ல நேராக்குங்கள். காந்தல் கம்பியைப் போல இதைச் செக்கச்செவேலென்று காய்ச்சக் கூடாது. எவர்சில்வரைத் துருவிலிருந்து காக்கும் மேற்படலம் அந்தச் சூட்டில் கெடும், நிறமும் நீலமாகிவிடும். நீலம் பாய்ந்த காயிலை நான் வாயருகே கொண்டுபோவதில்லை. குப்பையில் போட்டுவிட்டு வேறு கட்டுகிறேன்.

பஞ்சு சுத்தமான, வெளுக்காத பஞ்சாக இருக்கட்டும். திரியை நுழைக்கும்போது கொஞ்சம் உராய்வு தெரிய வேண்டும், காயில் கூடவே நகரக் கூடாது. பட்டையின் ஓரம் கூர்மையானது. நேராக இழுத்தால் நூலைப் பிய்க்கும். காயில் சுற்றியிருக்கும் திசையிலேயே திரியை லேசாகத் திருகிக்கொண்டே இழுங்கள். வால்களை வெட்டி, நுனியைக் கோதித் தளர்த்தித் திரவப் பள்ளத்தில் தொடும்படி வையுங்கள். திரவம் ஊற்றிப் பஞ்சு முழுதும் ஊற ஐந்து நிமிடம் காத்திருங்கள்.

கடைசியாகக் கருவியின் அமைப்பு. 12 வாட், 210 டிகிரி செல்சியஸ், 316எல்-க்கான ஏற்ற எண் (ஒரு டிகிரிக்கு மின்தடை ஏறும் விகிதம்) 0.00092. பல கருவிகளில் இதை 92 என்று போட வேண்டும். காயில் முழுதாக ஆறி அறைச் சூட்டுக்கு வந்த பிறகே அதன் மின்தடையைக் கருவியில் பூட்டுங்கள், அதாவது அடிப்படை எண்ணாகப் பதியுங்கள். இதில் நான் அவசரப்பட்டேன். ஒரு இழுப்பு இழுத்த கையோடு பூட்டியதில், 0.86 இருக்க வேண்டிய இடத்தில் 0.90 பதிவாகிவிட்டது. வெறும் 0.04 வித்தியாசம்தானே என்று நினைத்தேன். கணக்குப் போட்டுப் பார்த்தால், கருவி 210 என்று காட்டும்போது காயில் 270 டிகிரியில் இருந்திருக்கிறது. பஞ்சு கரியாகிவிட்டது.

ஒரு வாரத்துக்கு ஒரு முறை பஞ்சை மாற்றுகிறேன். அப்போது காயிலை வெந்நீரில் மெல்லிய தூரிகையால் தேய்த்துக் கழுவினால் போதும், மறுபடி காய்ச்ச வேண்டியதில்லை. நிகோடின் திரவப் புட்டி எப்போதும் என் மகள் கைக்கு எட்டாத மேல் தட்டில்தான். கம்பிச் சுருளின் மேல் ஒரு துண்டுத் தாளை ஒட்டி, ஒவ்வொரு முறையும் சுற்று எத்தனை, பிட் எவ்வளவு, ஆறிய நிலையில் எத்தனை ஓம் என்று எழுதிவைக்கிறேன். அடுத்த காயிலில் அதே எண் வராவிட்டால் திரவம் ஊற்றும் முன்பே பிரித்துவிட்டு முதல் சுற்றிலிருந்து மறுபடி கட்டுகிறேன்.