ரேடார் படத்தில் மலை சாய்ந்து கிடக்கிறதா? ஸ்நாப்பில் நேராக்கும் வழி

ஐரோப்பாவின் ரேடார் செயற்கைக்கோள் சென்டினல்-1 எடுத்த ஜிஆர்டி வகைப் படத்தை (தரைத்தூர அளவுக்கு மாற்றித் தரப்படுவது), ஸ்நாப் என்ற இலவச மென்பொருளில் திறந்துவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்கிறேன். மலைப்பகுதியில் உச்சிகள் எல்லாம் செயற்கைக்கோள் இருக்கும் பக்கமாகச் சாய்ந்து, ஒரு சரிவு பளிச்சென்று ஒடுங்கி, மறுசரிவு இழுபட்டுத் தெரியும். ரேடார் பக்கவாட்டில் பார்த்து, எதிரொலி திரும்பிவர ஆகும் நேரத்தை வைத்துத்தான் இடத்தைக் குறிக்கிறது. உச்சி அதற்குக் கிட்டே இருப்பதால் உச்சியின் எதிரொலி முந்திக்கொள்கிறது. இதைத் திருத்த தரையின் உயரம் வேண்டும், அதாவது ஒரு டெம் (ஒவ்வொரு இடத்தின் உயரத்தையும் பதிந்த எண்மக் கோப்பு).

முதலில் 'அப்ளை ஆர்பிட் ஃபைல்'. துல்லியமான சுற்றுப்பாதைக் கோப்பு வர ஏறக்குறைய 20 நாளாகும், அவசரமென்றால் சில மணி நேரத்தில் வருகிற ரெஸ்டிட்யூட்டட் கோப்பே போதும். அப்புறம் தெர்மல் நாய்ஸ் (கருவியின் சொந்த இரைச்சல்) நீக்கம், பிறகு பிக்சல் எண்ணை எதிரொலியின் உண்மையான வலிமையாக மாற்றும் காலிபரேஷன். காலிபரேஷனில் பீட்டா0 என்ற வெளியீட்டு வகையை டிக் செய்யுங்கள், அடுத்து வரும் 'டெரெய்ன் ஃப்ளாட்டனிங்' அதைத்தான் கேட்கும். இது பிக்சலை நகர்த்தாது, சரிவால் வந்த பொய்யான வெளிச்சத்தைக் குறைக்கும். காடு, பயிர் ஆராய்பவர்களுக்கு இது கட்டாயம் என்பேன், மற்றவர்கள் தாண்டிப் போகலாம்.

கடைசியில், டெம்மை வைத்து பிக்சல்களைச் சரியான இடத்துக்கு நகர்த்தும் 'ரேஞ்ச் டாப்ளர் டெரெய்ன் கரெக்‌ஷன்'. என் தேர்வு காப்பர்நிக்கஸ் 30 மீட்டர் டெம். இன்னொரு டெம்மான எஸ்ஆர்டிஎம் 2000 பிப்ரவரியில் அளந்தது, வடக்கே 60 பாகைக்கு மேல் கிடையவும் கிடையாது. புரொஜெக்‌ஷன் யூடிஎம் (மீட்டரில் அளக்கும் வரைபட முறை), பிக்சல் 10 மீட்டர், ரன்.

சொந்த டெம் கொடுப்பவர்கள் கொஞ்சம் நில்லுங்கள். பெரும்பாலான டெம்களில் உயரம் கடல்மட்டத்திலிருந்து, அதாவது ஜியாய்டிலிருந்து எண்ணப்பட்டிருக்கும், ஆனால் செயற்கைக்கோளின் கணக்கோ டபிள்யூஜிஎஸ்84 நீள்வட்டத்தை (பூமியின் வடிவத்துக்கான வழவழப்பான கணித மாதிரி) வைத்து நடக்கிறது. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் சில இடங்களில் 100 மீட்டரைத் தொடும். உயரப் பிழையை விழுகோணத்தின் (ரேடார் அலை செங்குத்திலிருந்து எவ்வளவு சாய்ந்து தரையில் விழுகிறது என்பதன்) டேன்ஜென்ட்டால் வகுத்தால் தரையில் எவ்வளவு நகரும் என்று கிடைத்துவிடும்: 100 மீட்டர் பிழைக்கு, சென்டினல்-1 நிலத்தின் மேல் வழக்கமாகப் பயன்படுத்தும் ஐடபிள்யூ முறையில் 29 பாகை ஓரத்தில் 180 மீட்டர், 46 பாகை ஓரத்தில் 97 மீட்டர். ஓரத்துக்கு ஓரம் மாறுவதால் படத்தை மொத்தமாக இழுத்து வைத்துச் சரிசெய்யவும் முடியாது. எனவே 'அப்ளை எர்த் கிராவிடேஷனல் மாடல்' டிக் இருக்கட்டும், உங்கள் டெம் ஏற்கெனவே நீள்வட்ட உயரத்தில் இருந்தால் மட்டும் எடுத்துவிடுங்கள். க்யூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளில் ஏரிக் கரைகளைச் சாதாரணச் செயற்கைக்கோள் ஒளிப்படத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள்: சமதரையும் சேர்ந்து நகர்ந்திருந்தால் முதலில் இந்த டிக்கைச் சந்தேகியுங்கள், சரிவுகள் மட்டும் பிசகியிருந்தால் டெம்மின் தரத்தை.

ஒன்றை மட்டும் எந்த டெம்மாலும் மீட்க முடியாது. ரேடாரைப் பார்த்த சரிவு விழுகோணத்தைவிடச் செங்குத்தாக இருந்தால் உச்சியும் அடிவாரமும் ஒரே பிக்சலில் கலந்துவிடும், இதுதான் லேயோவர். பின்பக்க நிழலில் எதிரொலியே இல்லை. புதிய பதிப்புகளில் லேயோவர்-ஷேடோ மாஸ்க்கும் கிடைக்கிறது, அதைச் சேமித்து அந்த இடங்களை வெட்டி எறியுங்கள். அசெண்டிங் (செயற்கைக்கோள் வடக்கே போகையில் எடுத்தது), டிசெண்டிங் (தெற்கே போகையில் எடுத்தது) இரண்டு படமும் இருந்தால் ஒன்றின் ஓட்டையை மற்றது ஓரளவு அடைக்கும்.

விமான ரேடாருக்கு இதே தத்துவம்தான், வழி வேறு. விமானம் காற்றில் ஆடும், சீரான சுற்றுப்பாதை கிடையாது, ஜிபிஎஸ்ஸும் ஐஎன்எஸ்ஸும் (விமானத்தின் அசைவை அளக்கும் கருவி) பதிந்த பாதை வேண்டும். நாசாவின் விமான ரேடாரான யூஏவிசார் போன்றவற்றில் விழுகோணம் ஏறக்குறைய 25-லிருந்து 65 பாகை வரை போவதால் கிட்ட ஓரத்தில் லேயோவரும் தூர ஓரத்தில் நிழலும் ஒரே படத்தில் சேர்ந்து வரும். முடிந்தவரை, ஏற்கெனவே திருத்திய கோப்பையே தேடி எடுங்கள்.

பிற்சேர்க்கை: கடலும் தீவுகளும் காணாமல் போகின்றன என்று சிலர் கேட்டிருந்தார்கள். 'மாஸ்க் அவுட் ஏரியாஸ் விதவுட் எலிவேஷன்' டிக்கை எடுத்துவிட்டு மறுபடி ஓட்டுங்கள், கடல் வந்துவிடும். தீவு அப்போதும் இடம் மாறியே தெரிந்தால் உங்கள் டெம்மில் அந்தத் தீவுக்கு உயரம் இருக்கிறதா என்று திறந்து பாருங்கள்.