ஏடிவி கியர் சிக்கல்: கால் சுற்றில் தீர்ந்தது

எங்கள் தோட்டத்தில் உர மூட்டை ஏற்றும் ஏடிவி (கரடுமுரடான நிலத்தில் ஓடும் நாலு சக்கர பைக்) வண்டிக்குக் கிளட்ச் லீவர் கிடையாது. காலால் கியரை மிதித்தால் கிளட்ச் தானே விலகிக்கொள்ளும். இரண்டு மாதமாக எஞ்சின் சூடானதும் நியூட்ரல் விழ மறுத்தது. முதல் கியர் போட்டால் 'டக்' என்று ஒரு துள்ளல். மேட்டில் எஞ்சின் அலறும், வண்டி நகராது.

கிளட்ச் தட்டுகளையே மாற்றச் சொன்னார்கள். எனக்கு மனம் ஒப்பவில்லை. முதலில் ஆயிலைப் பார்த்தேன். போன முறை ஊற்றியது கார் ஆயில். உராய்வைக் குறைக்கும் சேர்மானம் கலந்த ஆயில், நனைந்தே ஓடும் கிளட்சுக்கு ஆகாது. வடித்துவிட்டு, டப்பாவில் 'ஜாசோ எம்ஏ' (நனைந்த கிளட்சுக்கு ஏற்றது என்ற தரக் குறி) என்று போட்ட பைக் ஆயில் ஊற்றினேன். சில நாளில் கிளட்ச் வழுக்கல் நின்றது, மேட்டிலும் வண்டி நகர்ந்தது.

அப்புறம் கியர். எஞ்சின் மூடியில் ஒரு நட்டு, நடுவே கிளட்ச் விலகுவதைச் சரிசெய்யும் திருகு. நட்டைத் தளர்த்தி, திருகை இடப்பக்கமாக மெல்லத் திருப்பினேன்; விரலுக்கு ஒரு தடை தெரிந்தது. அங்கிருந்து வலப்பக்கம் கால் சுற்று. என் வண்டிக் கையேட்டில் உள்ள அளவு அது. உங்கள் வண்டிக்கு மாறலாம், பார்த்துக்கொள்ளுங்கள். திருகை ஸ்க்ரூடிரைவரால் அசையாமல் பிடித்துக்கொண்டேதான் நட்டை இறுக்க வேண்டும். முதல் தடவை எனக்குத் திருகும் கூடவே சுற்றிவிட்டது, மறுபடி செய்தேன்.

இப்போது சூட்டிலும் நியூட்ரல் ஒரே மிதியில் விழுகிறது.