கதவைத் திறந்தே ஆகவேண்டும்: தனிமைச் சூழலில் உளவியல் திரில்லர் எழுதும் முறை

ஊரிலிருந்து துண்டிக்கப்பட்ட ஒரு வீடு, அதற்குள் ஒருத்தி, வாசலில் முன்பின் தெரியாத ஒருவன் என்று நாவலைத் தொடங்குபவர்கள் பெரும்பாலும் வந்தவன் எவ்வளவு கொடியவன் என்பதைத்தான் முதலில் யோசிக்கிறார்கள். அதற்கு முன்பே முடிவு செய்ய வேண்டியது, அவனிடமிருந்து அவளுக்கு என்ன வேண்டும் என்பது. ஒன்றும் வேண்டாம் என்றால் அவள் தாழ்ப்பாளைப் போட்டுக்கொண்டு உள்ளேயே இருந்துவிடுவாள். கதை வாசற்படியைத் தாண்டாது. அந்தத் தேவை உடலோடு ஒட்டியதாகவும், நேரம் ஆக ஆக நெருக்குவதாகவும் இருக்கட்டும். ஆஸ்துமா உள்ள ஏழு வயது மகன், மீதி எத்தனை முறை என்று காட்டும் சிறு கட்டத்தில் 14 என்று நிற்கும் இன்ஹேலர், வந்தவனிடம் ஒரு ஜீப். இவ்வளவு போதும். அத்தியாயத்துக்கு அத்தியாயம் அந்த எண் குறைந்து வந்தால், சொற்களை முடுக்கிவிடாமலேயே வாசகர் பக்கத்தைப் புரட்டுவார்.

அடுத்தது இடம். நான் வால்பாறையைத் தேர்ந்தெடுப்பேன். ஆழியாற்றிலிருந்து மேலே ஏறும் சாலையில் 40 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. தென்மேற்குப் பருவமழையில் அவற்றில் ஒன்றில் மண் சரிந்தால் பொள்ளாச்சிப் பக்கம் அடைபட்டுவிடும். மறுபுறம் மளுக்குப்பாறை வழியாகச் சாலக்குடிக்கு இறங்கும் காட்டுச் சாலையில், இரவில் சோதனைச் சாவடிகளைக் கடக்க விடுவதில்லை. "போன் செய்திருக்கலாமே" என்ற கேள்வி எல்லா வாசகருக்கும் எழும் என்பதால், அதற்கான விடையை முதல் இருபது பக்கங்களுக்குள் வைத்துவிட வேண்டும்: மரம் விழுந்து மின்கம்பி அறுகிறது, சில மணி நேரத்தில் செல்போன் கோபுரத்தின் பேட்டரியும் தீர்ந்துபோகிறது. ஒரே வரியில் எல்லா வழிகளையும் அடைத்துவிடாமல் ஒவ்வொன்றாக அடையுங்கள். ஒவ்வொரு முறையும் இன்னொரு வழி மிச்சம் இருக்கிறது என்று அவள் நம்பட்டும்.

தனிமை மனத்துக்குள் என்ன செய்கிறது என்பதற்கு உண்மை நிகழ்வுகளைப் படிப்பது பெரிதும் உதவும். 1962இல் மிஷேல் சிஃப்ர் என்ற பிரெஞ்சு நிலவியலாளர் கடிகாரமே இல்லாமல் ஆல்ப்ஸ் மலையில் ஒரு குகைக்குள் ஏறத்தாழ இரண்டு மாதங்கள் தங்கினார். செப்டம்பர் 14 அன்று குழுவினர் அவரை வெளியே அழைத்தபோது, அன்று ஆகஸ்ட் 20 என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார்; நொடிக்கு ஒன்றாக 120 வரை எண்ணச் சொன்னால் அவருக்கு ஐந்து நிமிடம் பிடித்தது. ஓரிரவில் நடக்கும் கதையில் இந்த அளவு குழப்பத்தைக் காட்டினால் யாரும் நம்பமாட்டார்கள். ஆனால் இருட்டில், மழை இரைச்சலில், மகனின் மூச்சை எண்ணிக்கொண்டிருப்பவளுக்கு வந்தவன் சமையலறையில் இருந்தது பத்து நிமிடமா நாற்பது நிமிடமா என்று தெரியாமல் போகலாம். அந்த இடைவெளியில்தான் சந்தேகம் முளைக்கிறது.

நம்பிக்கையைப் பற்றி எழுதுபவர்கள் 1973 ஆகஸ்டில் ஸ்டாக்ஹோம் வங்கியில் நடந்ததை ஊன்றிப் படிக்க வேண்டும். நான்கு ஊழியர்கள் ஆறு நாட்கள் பிணையாக வைக்கப்பட்டிருந்தார்கள். அவர்களில் ஒரு பெண், ஸ்வீடன் பிரதமர் ஓலோஃப் பால்மேயிடம் தொலைபேசியில் பேசி, கொள்ளையரோடு தங்களை வெளியே போகவிடும்படி கேட்டார். காவல்துறை உள்ளே பாய்ந்தால் தாங்கள் சாகக்கூடும் என்பது அவருடைய அச்சம். வெளியிலிருந்து பார்த்தவர்கள் இதை மனப்பிறழ்வாகப் பேசினார்கள்; தான் உயிர் பிழைக்க யோசித்தே நடந்துகொண்டதாக அவர் பிற்காலத்தில் உறுதியாகச் சொன்னார். உங்கள் நாயகிக்கும் இந்த நியாயம் வேண்டும். அவள் ஏமாளியாக இருப்பதால் நம்பினாள் என்று எழுதுவது அவளுக்குச் செய்யும் அநீதி. அந்த நொடியில் அவள் இடத்தில் இருந்தால் தானும் கதவைத் திறந்திருப்போம் என்று வாசகர் உணர வேண்டும்.

இந்த வகை நாவலின் உயிர், ஒரே தடயம் இரண்டு விதமாகப் பொருள்படுவதில் இருக்கிறது. வந்தவன், ஜீப்பைக் கீழே நிறுத்திவிட்டுத் தேயிலைக் காட்டுக்குள் ஒரு மணி நேரம் நடந்து வந்ததாகச் சொல்கிறான். அவள் துண்டை நீட்டுகிறாள். அவன் பேண்டைச் சுருட்டிக் காலைத் துடைக்கிறான். கெண்டைக்காலில் சேறு போகிறது. தோல் வெளுத்துச் சுருங்கியிருக்கிறது. ரத்தக்கோடு ஒன்றுகூட இல்லை. மழைக்காலத்தில் அந்தத் தோட்டங்களுக்குள் நடந்து வந்த காலில் அட்டை ஏறாமல் இருப்பது அரிது. அது கடித்த இடத்தில் ரத்தம் எளிதில் உறையாமல் வழிந்துகொண்டே இருக்கும். அப்படியானால் அவன் பொய் சொல்கிறானா, அல்லது பழகியவர்களைப் போல உப்போ புகையிலைச் சாறோ தடவிக்கொண்டு நடந்தானா? அவள் கேட்க வாயெடுக்கும்போது உள்ளே மகன் இருமுகிறான். எண் 9. அவள் கேட்கவில்லை.

அத்தியாயத்தை இப்படி ஒரு முடிவெடுக்கும் இடத்தில் நிறுத்துங்கள். அலறலிலும் மின்னல் வெட்டிலும் நிறுத்துவது இரண்டு முறைக்கு மேல் பலிக்காது. வாக்கியங்கள் எல்லாவற்றையும் துண்டுதுண்டாக வெட்டவும் வேண்டியதில்லை.

வந்தவன் நல்லவனா கெட்டவனா என்பது உங்கள் விருப்பம். ஆனால் விடை, வாசகர் முன்பே பார்த்த பொருள்களிலிருந்து வர வேண்டும். கடைசி அத்தியாயத்தில் புதிதாக ஒருவரைக் கொண்டுவருவதும், "அவனுக்கு மனநோய்" என்று ஒரு சொல்லில் முடித்துவிடுவதும் வாசகருக்கும், உண்மையில் அந்நோயோடு வாழ்பவர்களுக்கும் இழைக்கும் துரோகம் என்பது என் உறுதியான எண்ணம்.

முதல் வரைவு முடிந்ததும், ஒரு தனி நோட்டில் அந்த இரவை வந்தவனின் பக்கமிருந்து மணிவாரியாக எழுதிப் பாருங்கள்: எங்கிருந்து கிளம்பினான், காலில் எதைத் தடவினான், சமையலறையில் என்ன செய்தான், ஜீப் சாவியை எந்தப் பையில் வைத்தான். அந்த நோட்டில் வெற்றிடமாக நிற்கும் மணி நேரங்களுக்கு உரிய அத்தியாயங்களைத் திருத்த எடுத்துக்கொள்ளுங்கள்.