பவுலிங் லேனில் பசங்க கூட்டம்: கவுன்ட்டரிலேயே தொடங்கும் தவறுகள்

பிளஸ் டூ கடைசிப் பரீட்சை முடிகிற அன்று மாலை சென்னை மால்களில் இருக்கும் பவுலிங் கூடங்களுக்கு விளம்பரமே தேவையில்லை. யூனிஃபார்மைக்கூட மாற்றாமல் எட்டு பேர், ஒன்பது பேர் எனக் கூட்டம் கூட்டமாக வந்து நிற்பார்கள். புதிதாகச் சேர்ந்த ஃப்ளோர் ஊழியர்களுக்குத் தொண்டை கட்டுவதும் அந்த வாரத்தில்தான். 'இந்தக் காலத்துப் பசங்களே இப்படித்தான்' என்று முடிவு கட்டிவிடுவார்கள். ஆனால் அதே கூட்டம் ஒருவருடைய ஷிப்டில் ஆடிவிட்டு 'தேங்க்ஸ்ணா' சொல்லிப் போகிறது, இன்னொருவருடைய ஷிப்டில் மெஷினை உடைத்துவிட்டுப் போகிறது. வித்தியாசம் பசங்களிடம் இல்லை.

கோபப்படாதே, கெட்ட வார்த்தை பேசாதே என்பதெல்லாம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. தவறு என்றே தெரியாமல் ஒவ்வொரு புது ஊழியரும் திரும்பத் திரும்பச் செய்கிற சிலவற்றை மட்டும் பார்க்கலாம்.

சத்தத்தையும் ஆபத்தையும் ஒன்றாகப் பார்ப்பது

பந்து உருட்டும் பாதையான லேனின் கோடியில் நிற்கும் பத்துக் கட்டைகளும் (பின்கள்) ஒரே உருட்டலில் சாய்ந்து ஸ்ட்ரைக் விழுந்தால் கத்தத்தான் செய்வார்கள். அதற்குத்தான் காசு கொடுத்து வந்திருக்கிறார்கள். ஒவ்வொரு கூச்சலுக்கும் ஓடிப்போய் 'ஷ்ஷ்' சொல்லும் ஊழியரின் பேச்சு, உண்மையிலேயே ஆபத்து வரும்போது யார் காதிலும் ஏறாது. உடனே கால் நகர வேண்டியது இவற்றுக்குத்தான்: ஃபவுல் லைனை (லேன் தொடங்கும் இடத்தில், ஆடுபவர் தாண்டக் கூடாத கோடு) தாண்டிக் கால் வைப்பது, இரண்டு பேர் ஒரே நேரத்தில் உருட்டுவது, விழுந்த பின்களைக் கூட்டித் தள்ளும் பட்டையான ரேக் இறங்கியிருக்கும்போது உருட்டுவது, பந்தைத் தூக்கி எறிவது, பந்து திரும்பி வரும் வாயில் கையை விடுவது.

ஃபவுல் லைனில் ஏன் இவ்வளவு கறார் என்று புதியவர்களே கேட்பார்கள். ஃபவுல் லைனிலிருந்து முதல் பின் வரை லேனின் நீளம் 60 அடி. அதில் முதல் 40 அடி வாக்கில் எண்ணெய் பூசியிருக்கும். கோட்டைத் தாண்டியவன் வழுக்கி விழுவது ஒரு பக்கம். அதைவிட மோசம், அவன் ஷூவில் ஒட்டிய எண்ணெய், பந்தோடு நடந்து வரும் நடைப்பகுதிக்கு வந்துவிடும். அடுத்து விழுவது எந்தத் தப்பும் செய்யாத ஒரு பெண்ணாக இருக்கலாம். எவனாவது கோட்டைத் தாண்டிவிட்டால் திட்டுவதற்கு முன் ஆட்டத்தை நிறுத்தி, அவன் ஷூ அடியையும் நடைப்பகுதியையும் உலர்ந்த துணியால் துடைக்க வேண்டும். மழைக்காலத்தில் இதற்கு நேர்மாறான தொல்லை: ஷூ அடி ஈரமாக இருந்தால் கால் சறுக்காமல் சட்டென்று நின்றுவிடும், உடம்பு மட்டும் முன்னால் போகும். வாடகை ஷூ போட்ட பிறகு ரெஸ்ட்ரூம் போய்வருகிறவர்கள்தான் பெரும்பாலும் இப்படி விழுவது.

பந்தின் எடையும் இதில் சேர்த்தி. கூடத்துப் பந்துகள் 6 முதல் 16 பவுண்டு வரை இருக்கும். வளர்ந்த பையன் 6 பவுண்டு பந்தை எடுத்தால் கிரிக்கெட் பந்து மாதிரி வீசுவான், இல்லையென்றால் சின்ன ஓட்டையில் கட்டைவிரல் சிக்கிக்கொள்ளும். கெத்துக்காக 16 பவுண்டு தூக்குகிறவன் தொப்பென்று போடுவான், பலகையில் குழி விழும். உடல் எடையில் பத்தில் ஒரு பங்கு என்ற பழைய கணக்கு இங்கே போதுமானது: 50 கிலோ பையனுக்கு 11 பவுண்டு.

ஒன்பது பேருக்கு ஒரே லேன்

இதைத்தான் எத்தனை முறை சொன்னாலும் எடுபடுவதில்லை. பார்க்கும்போதெல்லாம் எரிச்சல் வருகிற தவறும் இதுதான். சனிக்கிழமை மாலை, வரிசை நிற்கிறது. ஒன்பது பசங்க வருகிறார்கள். 'அண்ணா, ஒரே லேன் போதும்ணா, அட்ஜஸ்ட் பண்ணிக்கிறோம்' என்கிறார்கள். கவுன்ட்டரில் இருப்பவருக்கு ஒரு லேன் மிச்சம் என்று சந்தோஷம். டக்கென்று ஒன்பது பெயரையும் ஏற்றிவிடுகிறார். அந்த நொடியிலேயே பிரச்சினைக்கு பில் போட்டாயிற்று.

கணக்கைப் பாருங்கள். ஒரு கேமில் பத்து ஃப்ரேம். ஒரு ஃப்ரேமுக்கு இரண்டு உருட்டல், மெஷின் பின்களை எடுத்து வைக்கும் நேரம், பந்து திரும்பும் நேரம், நடுவில் அரட்டை எல்லாம் சேர்த்து ஏறக்குறைய ஒரு நிமிடம். ஆக ஓர் ஆளுக்கு ஒரு கேம் பத்து நிமிடம். ஒன்பது பேர் ஒரே லேனில் என்றால் ஒரு கேம் 90 நிமிடம். ஒருவன் தன் முறையை முடித்துவிட்டால் அடுத்த முறைக்கு எட்டு நிமிடம் காத்திருக்க வேண்டும்.

பதினாறு வயதுப் பையனுக்கு எட்டு நிமிடம் சும்மா உட்காரத் தெரியாது. முதல் இரண்டு நிமிடம் ஆடுகிறவனைக் கிண்டல் செய்வான். அப்புறம் போனை எடுத்து ரீல்ஸ், அதற்காக நடைப்பகுதியில் ஏறி நிற்பான். நாலாவது நிமிடத்தில் பந்து ஸ்டாண்டில் உள்ள பந்துகளை ஒவ்வொன்றாகத் தூக்கி எடை பார்ப்பான். ஆறாவது நிமிடத்தில் பக்கத்து லேனுக்குப் போய் வேடிக்கை பார்ப்பான். அதற்குள் அவன் முறை வந்துவிடும், ஆளைக் காணோம் என்று வேறொருவன் உருட்டிவிடுவான். 'என் சான்ஸை நீ ஏன்டா போட்ட?' அங்கே ஆரம்பிக்கிற தள்ளுமுள்ளுவைத்தான் ஊழியர் வந்து 'ரவுடித்தனம்' என்கிறார். அது ரவுடித்தனம் இல்லை, காத்திருப்பு.

இதில் மிச்சமும் எதுவும் இல்லை. ஒன்பது பேரை ஐந்தும் நாலுமாக இரண்டு லேனில் போட்டால் ஒரு லேன் 50 நிமிடத்திலும் மற்றது 40 நிமிடத்திலும் முடியும். கூட்டினால் அதே 90 லேன்-நிமிடம். இவ்வளவு எளிய கூட்டலைப் போட்டுப் பார்க்காமல் 'ஒரு லேன் மிச்சப்படுத்தினேன்' என்று சொல்கிறவர்களை என்ன செய்வது? வரிசையில் அடுத்து நிற்கும் குடும்பத்துக்கு உடனே லேன் கிடைக்காது என்பது மட்டும் உண்மை. ஆனால் அவர்களுக்கு முக்கால் மணி நேரத்தில் தூய்மையான லேனும் அமைதியான பக்கத்து லேனும் கிடைக்கும்.

மணிக்கணக்கில் லேன் விற்கும் கூடங்களில் பசங்க ஒரே லேன் கேட்பது காசுக்காக. அதற்கும் வழி உண்டு: ஒரு லேன் ஒரு மணி நேரத்துக்குப் பதிலாக இரண்டு லேன் அரை மணி நேரம். அதே காசு, அதே அளவு ஆட்டம், காத்திருப்பு மட்டும் பாதி. அரை மணி நேரமாக விற்க பில்லிங் மெஷின் இடம் கொடுக்குமா என்று மேனேஜரிடம் முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்வது நல்லது. கூட்டம் வந்து நின்ற பிறகு கேட்டால் எரிந்து விழுவார். மணிக்கணக்கில் இன்னொரு சிக்கல், கடைசிப் பத்து நிமிடத்தில் 'டைம் முடியப்போகுது' என்று இரண்டு பேராகச் சேர்ந்து உருட்டுவார்கள். அந்த நேரத்தில் ஓர் ஊழியர் அந்த லேன் பக்கத்திலேயே நிற்க வேண்டும்.

உண்மையிலேயே ஒரு லேன்தான் காலி என்றால் ஐந்து பெயரை மட்டும் ஏற்றுங்கள். மீதி நாலு பேரை ஆர்கேட் பக்கமோ ஃபுட் கோர்ட்டுக்கோ அனுப்பி, முதல் கேம் முடிந்ததும் ஆளை மாற்றுங்கள். ஒரு லேனுக்கு ஆறு பேர் உச்சவரம்பு. 'ஏழாவது ஆள் சும்மா பார்க்கத்தான்ணா வந்தான்' என்றால் அவனுக்கு இடம் நாற்காலியில், நடைப்பகுதியில் இல்லை.

ஜோடி லேனைப் பிரிப்பது

பெரும்பாலான கூடங்களில் இரண்டு லேனுக்கு ஒரே பந்து திரும்பும் மேடை. மூன்றில் பசங்களையும் நான்கில் குழந்தையோடு வந்த குடும்பத்தையும் போட்டால், பந்து எடுக்கும்போதெல்லாம் இருவரும் முட்டிக்கொள்வார்கள். பசங்களுக்கு ஒரு முழு ஜோடி, முடிந்தால் ஒரு பக்கம் சுவர், கவுன்ட்டர் கண்ணில் படும் தூரத்தில். கண்ணுக்கு மறைவாகக் கடைசிக் கோடியில் தள்ளுவது அவர்களுக்குப் பரிசு கொடுப்பது.

திரையில் பெயரை அவர்களே அடிக்க விடுவது

விட்டால் ஒரு பெயர் வாத்தியாருடையது, ஒன்று கெட்ட வார்த்தை, ஒன்று வகுப்பில் படிக்கும் ஏதோ ஒரு பெண்ணுடையது. நீங்களே அடியுங்கள்.

சத்தத்தை மறைக்கப் பாட்டைக் கூட்டுவது

சுற்றிலும் சத்தம் கூடினால் மனிதர்கள் தம்மையறியாமல் குரலை உயர்த்துவார்கள். இதை 1911-இல் எத்தியேன் லொம்பார் என்ற பிரெஞ்சு மருத்துவர் விளக்கினார், அவர் பெயரிலேயே லொம்பார்ட் விளைவு என்கிறார்கள். பாட்டை ஏற்றினால் கூச்சலும் ஏறும். இறக்குங்கள், ஆனால் கொஞ்சம் கொஞ்சமாக. திடீரென்று நிறுத்தினால் 'ஓ...' என்று ஒரு கோரஸ் வரும்.

கேக்கை உள்ளே விடுவது

பர்த்டே என்றால் நம் ஊர் வழக்கம் தெரியும்: கேக்கைத் தின்பதைவிட மூஞ்சியில் பூசுவது அதிகம், பிறகு பம்ப்ஸ் என்று முதுகில் அடி. கிரீம் ஒரு சொட்டு நடைப்பகுதியில் விழுந்தால் ஓடி வருபவன் கால் அங்கேயே ஒட்டும். பாப்பர் காகிதம் மெஷினுக்குள் போகும். ஸ்னோ ஸ்ப்ரே, பாப்பர் இரண்டையும் கவுன்ட்டரிலேயே வாங்கி வைத்து, போகும்போது திருப்பிக் கொடுங்கள். கேக் வெட்டுவது மேஜைப் பகுதியில், ஆட்டம் முடிந்து ஷூவைத் திருப்பிக் கொடுத்த பிறகு.

அதிகம் கத்துகிறவனிடம் போவது

கத்துகிறவன் தலைவன் இல்லை. ஜோக் அடித்துவிட்டு அவன் யார் முகத்தைப் பார்க்கிறான் என்று கவனியுங்கள், அந்த ஆள்தான் உங்களுக்கு வேண்டும். பெரும்பாலும் காசு கட்டியவனும் அவனாகவே இருப்பான். அவனையும் எல்லோர் முன்னாலும் பிடிக்கக் கூடாது. நண்பர்கள் முன்னால் தலைகுனிந்தால் அடுத்த பத்து நிமிடம் மானத்தை மீட்பதிலேயே இருப்பான்.

முறை இது. பந்து உருண்டு முடியும்வரை பக்கவாட்டில் நில்லுங்கள். 'தம்பி, ஒரு நிமிஷம் இங்க வாங்க' என்று ஐந்தாறு அடி தள்ளிக் கூட்டிப் போங்கள். மரியாதை விகுதியை விடாதீர்கள், 'டேய்' என்று கூப்பிட்ட பிறகு நீங்கள் என்ன சொன்னாலும் அது சண்டைதான். பெண்கள் கூட்டம் என்றால் 'இங்க வாங்கம்மா', முடிந்தால் பெண் ஊழியரே பேசட்டும். பிறகு ஒரே ஒரு விஷயம், நடந்ததை மட்டும்: 'ரேக் இறங்கியிருக்கும்போது ரெண்டு பந்து வந்துச்சு. இன்னொரு தடவை வந்தா லேனை நிறுத்தணும். நீங்க சொன்னா கேப்பாங்க, கொஞ்சம் பார்த்துக்கோங்க.' அவன் 'சும்மா ஜாலிக்குதாண்ணா' என்பான். வாதாடாமல் தலையாட்டிவிட்டு வந்துவிடுங்கள். திரும்பி வரும்போது பின்னால் சிரிப்புச் சத்தம் கேட்கும், கேட்காத மாதிரி நடங்கள்.

சீருடை போட்ட செக்யூரிட்டியை முதலில் அனுப்புவதும் இதே வகைத் தவறு. அவர் வருவதைப் பார்த்ததும் ஏழு போன் வீடியோ எடுக்க ஆரம்பிக்கும்.

மூன்று முறை 'கடைசி வார்னிங்'

ஒருமுறைதான் கடைசி.

கோபத்தில் லேனை அணைப்பது

பந்து உருண்டுகொண்டிருக்கும்போது கவுன்ட்டரிலிருந்து லேனை நிறுத்தினால் சில மெஷின்களில் ரேக் இறங்கிவிடும். வருகிற பந்து நேராக அதில் மோதும். பட்டை வளையும், அதைத் தூக்கும் பாகம் அடிவாங்கும், அந்த இரவு முழுக்க ஒரு ஜோடி லேன் போச்சு. பசங்க உடைத்தார்கள் என்று எழுதுவார்கள், உடைத்தது ஸ்விட்ச். ஆள் நேரில் போய், பந்து கையில் இல்லை என்று பார்த்து, கை காட்டிய பிறகுதான் நிறுத்த வேண்டும். லேனில் பாதியில் நின்ற பந்தை எடுக்கப் பசங்களை அனுப்பவே கூடாது.

வெளியே அனுப்புவதென்று முடிவானால் ஆடாத கேமுக்கான காசைக் கணக்குப் பார்த்துத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். அந்தச் சில நூறு ரூபாய்க்காகக் கவுன்ட்டரில் அரைமணி நேரம் கத்தல் நடந்தால் நஷ்டம் உங்களுக்குத்தான்.

போனைப் பிடுங்குவது, அறையில் உட்கார வைப்பது

செய்யவே கூடாது. 18 வயதுக்குக் கீழே இருப்பவர் 2015-ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டப்படி குழந்தை. உடைந்த பொருளுக்குக் காசு வரும்வரை அறையில் வைத்துக் கதவைச் சாத்தினால், அது பாரதிய நியாய சன்ஹிதாவின் 127-ஆம் பிரிவில் சட்டத்துக்குப் புறம்பாக அடைத்துவைத்த குற்றமாகப் பார்க்கப்படலாம். கையைப் பிடித்து இழுத்தால் அது வேறு வழக்கு. செய்ய வேண்டியது: புக் செய்த எண்ணுக்குப் போன் போட்டு, அப்பாவோ அம்மாவோ வரும்வரை கவுன்ட்டர் அருகே திறந்த இடத்தில், இரண்டு ஊழியர்கள் பார்வையில், தண்ணீர் கொடுத்துக் காத்திருக்கச் சொல்வது. போகிறேன் என்றால் தடுக்க வேண்டாம், கேமரா பதிவு இருக்கிறது. அடிதடி என்றால் 112.

வீடியோ எடுத்து வாட்ஸ்அப் குரூப்பில் போடுவது

வேண்டாம்.

அடுத்த ஷிப்டுக்குச் சொல்லாமல் போவது

லேன் எண், நேரம், என்ன நடந்தது, யாரிடம் என்ன வார்த்தையில் சொன்னோம், காசு திருப்பினோமா. நாலே வரி நோட்டில் போதும். ஃபவுல் லைனைத் தாண்டிய லேன் எது என்பதைத் தனியாகக் குறியுங்கள். மறுநாள் காலை லேனுக்கு எண்ணெய் போடும் முன் அந்த நடைப்பகுதியை முழுசாகத் துடைக்க வேண்டியது வேறு ஆள், அவருக்கு நேற்று என்ன நடந்தது என்று தெரியாது.