கை சும்மா இருக்காது: மினியேச்சர் விழாவுக்குக் குழந்தையோடு போவது

ஒரு ஹால் முழுக்க டேபிள்கள். அவற்றின் மேல் கோட்டை, டிராகன், டேங்க், விரலளவு வீரர்கள். பார்த்தால் பொம்மைக்கடை மாதிரியே இருக்கும், ஆனால் எதையும் தொடக்கூடாது. சத்தம், கூட்டம், பசி எல்லாம் எங்கே போனாலும் உண்டு. மினியேச்சர் கேமிங், அதாவது குட்டி உருவங்களை டேபிளில் நகர்த்திப் பகடை உருட்டி ஆடும் ஆட்டம். அதற்கான விழாவுக்கே உரிய கஷ்டம் இந்தத் தொடக்கூடாது என்பதுதான். அதனால் கிளம்புவதற்கு முன் நான் யோசிப்பது ஒன்றே ஒன்று: என் மகள் கைக்கு என்ன வேலை கொடுப்பது?

அவளுக்கு ஐந்து வயது. நான் 28 மில்லிமீட்டர் உயர உருவங்களுக்குப் பெயிண்ட் அடிக்கிறவள், அதனால் அவளுக்கு இந்த உலகம் புதிதில்லை. மூன்று வயசுக்குக் கீழே இருந்தால் கூட்டிப்போக வேண்டாம் என்பேன். பகடை, ஈட்டிமுனை, உடைந்த துண்டு எல்லாமே வாய்க்குள் போகிற அளவு. தரையிலும் விழுந்து கிடக்கும். இன்னொன்று, பலர் உருவங்களின் அடித்தட்டில் குட்டியான, ஆனால் பலமான நியோடிமியம் காந்தம் ஒட்டியிருப்பார்கள். அப்படி இரண்டை ஒரு குழந்தை விழுங்கிவிட்டால் அவை குடலின் சுவர்களை நடுவில் வைத்து ஒன்றையொன்று இழுத்து ஓட்டை போட்டுவிடும். ஐந்து வயசுக்காரி ஆனாலும் இதில் கண் வைத்திருங்கள். விழுங்கியிருப்பாளோ என்று சந்தேகம் வந்தாலே நேராக ஆஸ்பத்திரிதான், வீட்டுக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்கக்கூடாது.

எந்த விழா என்பதும் முக்கியம். லண்டனில் எக்செல் அரங்கில் நடக்கும் சல்யூட் ஒரே நாளில் முடிந்துவிடும். இண்டியானாபொலிஸில் நடக்கும் ஜென் கான் நான்கு நாள், போர்டு கேம், கார்டு கேம் எல்லாம் கலந்தது. 2023-இல் 70,000 பேருக்கு மேல் வந்தார்கள். முதல் தடவைக்கு இரண்டுமே பெரிசு. ஒரு கிளப் நடத்தும் சின்ன விழா போதும். பெரிய விழாவுக்கே போவதானால் கதவு திறக்கும் நேரத்தில் நிற்காதீர்கள். தள்ளுபடிக்கு ஓடுகிறவர்கள் ஓடி முடிக்கட்டும். ஸ்ட்ரோலர் அனுமதி உண்டா என்று முன்கூட்டியே கேளுங்கள். உண்டென்றாலும் டேபிள்களுக்கு நடுவே திருப்ப இடம் இருக்காது.

வீட்டிலேயே ஒரு பழக்கம் ஏற்படுத்திவிடுங்கள். டேபிள் அருகே போனால் இரண்டு கையும் முதுகுக்குப் பின்னால். நாங்கள் இதற்கு ‘ராஜா நடை’ என்று பெயர் வைத்தோம். ராஜா தன் படையைப் பார்வையிடுகிறார், அவ்வளவுதான். அலமாரி முன்னால் இரண்டு மாலை நடந்து பார்த்தாள், பிடித்துப்போயிற்று. தொட ஆசை வந்தால் அந்தப் படைக்காரரிடம் “அங்கிள், தொடலாமா?” என்று அவளே கேட்க வேண்டும். நீங்கள் கேட்டால் தர்மசங்கடத்தில் சரி என்றுவிடுவார்கள். குழந்தை கேட்டால், உடையாத ஒன்றாகப் பார்த்து எடுத்து உள்ளங்கையில் வைப்பார்கள். மாட்டேன் என்றாலும் அவர் பக்கம் நியாயம் உண்டு, மாதக்கணக்கில் உட்கார்ந்து வரைந்திருப்பார்.

அப்புறம் உயரம். டேபிள் சுமார் 75 சென்டிமீட்டர். ஐந்து வயசுக் குழந்தையின் கண் ஏறக்குறைய ஒரு மீட்டரில் இருக்கும், முன்வரிசை தாண்டி எதுவும் சரியாகத் தெரியாது. அதனால்தான் விளிம்பைப் பிடித்துத் தொங்குகிறார்கள், டேபிள் ஆடுகிறது. மடிக்கிற ஸ்டூல் ஒன்று எடுத்துப் போனால் உங்கள் இடுப்பும் பிழைக்கும். இன்னொரு விஷயம் யாரும் சொல்வதில்லை: பெரியவர்களின் முதுகுப்பை சரியாகக் குழந்தையின் முகத்து உயரத்தில்தான் ஆடும். கூட்டமான நடைபாதையில் அவளை உங்களுக்கு முன்னால் நடக்க விடுங்கள், உங்கள் பையை மார்பில் மாட்டுங்கள். பின்னால் மாட்டினால் யாராவது கட்டிய கோபுரத்தை நீங்களே தட்டிவிடுவீர்கள்.

ஆட வைப்பதுதான் கைக்கு நல்ல வேலை. யார் வேண்டுமானாலும் சேரக்கூடிய டெமோ ஆட்டங்கள் பெரும்பாலும் இருக்கும், அரைமணி நேரத்துக்குள் முடிகிறதைத் தேடுங்கள். ஆளுக்கு நாலைந்து உருவம், ஒரு பெரிய ராட்சசன், அல்லது ரேஸ் என்றால் உத்தமம். முந்நூறு சிப்பாய்களும் மூன்று மணி நேரமும் கொண்ட நெப்போலியன் காலத்துச் சண்டை, பக்கத்தில் நின்று பார்க்க மட்டும். உட்காருமுன் ஒரு சுற்று வேடிக்கை பாருங்கள். நடத்துகிறவர் விதிப்புத்தகத்தைப் புரட்டிக்கொண்டே இருந்தால் அடுத்த டேபிள். சிரித்துக்கொண்டே விதியை வளைக்கிறவர் கிடைத்தால் அங்கேயே உட்காருங்கள். குழந்தை ஆடலாமா, நான் பக்கத்தில் இருப்பேன் என்று சொல்லிவிட்டால் போதும்.

பகடை உருட்ட ஒரு அட்டைப்பெட்டி மூடி கொண்டுபோங்கள். குழந்தைகள் பகடையை உருட்டுவதில்லை, எறிகிறார்கள். மூடி இல்லையென்றால் அது நேராகக் குதிரைப்படை மேல் விழும். உருவங்கள் நகரும் தூரத்தை அளக்க, தானே சுருண்டுகொள்ளும் இரும்பு டேப்பும் வேண்டாம். விட்டதும் ‘சடக்’ என்று திரும்பி விரலையும் வெட்டும், வீரர்களையும் சாய்க்கும். ஆறு அங்குலத்துக்கு ஒரு மரக்குச்சி நறுக்கித் தந்தேன், அளக்கிற பொறுப்பு முழுக்க அவளுடையது. எதிராளிக்கும் அவள்தான் அளந்தாள்.

ஆட்டத்தில் அடிபட்டுச் செத்த அவளுடைய வில்லாளி ஒருவனை டேபிளிலிருந்து எடுத்தபோது அழுகை வந்துவிட்டது. எதிரே இருந்தவர் அவனைப் பெட்டிக்குள் போடாமல் டேபிள் ஓரத்தில், சண்டை தெரிகிற மாதிரி நிற்க வைத்தார். “இவன் இனிமே பார்வையாளன் பாப்பா.” அழுகை நின்றது. அன்றிலிருந்து எங்கள் வீட்டு ஆட்டத்திலும் யாரும் சாவதில்லை. பிணக்குவியல், பேய், ரத்தம் நிறைந்த டேபிள்களும் உண்டு. ஒரு வரிசைக்கு முன்னால் நீங்கள் நோட்டம் விட்டு வழியை மாற்றுங்கள்.

உருவம் ஒன்றைப் பெயிண்ட் அடித்து வீட்டுக்கு எடுத்துப்போகும் டேபிள் இருந்தால், அலுப்பு தட்டும் நடுப்பகலுக்கு அதை மிச்சம் வையுங்கள். அக்ரிலிக் பெயிண்ட் தோலில் கழுவினால் போகும், துணியில் காய்ந்தால் போகாது. உங்கள் பழைய சட்டையை மேலே மாட்டிவிடுங்கள். பிரஷ் நுனியை வாயில் வைத்துக் கூராக்குகிற பழக்கம் எங்களில் பாதிப்பேருக்கு உண்டு, அன்று ஒரு நாள் அதை அடக்கிக்கொள்ளுங்கள், உடனே பார்த்துச் செய்வாள். பிரஷ் கழுவுகிற டம்ளரும் குடிக்கிற தண்ணீரும் ஒரே பக்கத்தில் இருக்கக்கூடாது. பச்சை முகம், ஊதா வாள் என்றால் அப்படியே விடுங்கள். காய்ந்த பிறகு டிஷ்யூ சுற்றி மூடியுள்ள டப்பாவில் வையுங்கள். கையில் பிடித்துக்கொண்டு வந்தால் கதவருகே வாள் இருக்காது.

வாங்குவது ஒரே ஒரு பொருள் என்று முதலிலேயே பேசிவிடுங்கள், கடைசியில்தான் வாங்குவது என்றும். உருவத்தின் துண்டுகளைப் பிளாஸ்டிக் சட்டத்திலிருந்து வெட்டி ஒட்டுகிற வகை குழந்தைக்கு ஆகாது, கத்தியும் சூப்பர் குளூவும் உங்கள் வேலையாகிவிடும். ஒரே துண்டாக வார்த்தது, அல்லது ஏற்கனவே பெயிண்ட் அடித்தது நல்லது. உலோக உருவம் என்றால் ஈயம் கலந்ததா என்று விற்பவரிடம் கேளுங்கள். பழையவற்றிலும் இன்றைய சிலவற்றிலும் உண்டு. எப்படியானாலும் சாப்பிடுமுன் கை கழுவ வேண்டும். பழைய பொருள் வாங்கி விற்கும் மூலையில் நெரிசல் அதிகம், அங்கே ஒரு பெரியவர் மட்டும் போய்வரட்டும். அதற்காகவாவது துணைக்கு இன்னொருவர் வருவது நல்லது. உங்கள் சொந்தப் போட்டி எதையும் அன்று பதிவு செய்யாதீர்கள்.

காது மறைக்கும் ஹெட்போன், மாற்றுத்துணி, மணிக்கட்டில் உங்கள் போன் நம்பர் எழுதிய பட்டை, இதெல்லாம் நீங்களே அறிவீர்கள்.

கிளம்பும்போது “இன்னும் பத்து நிமிஷம்” என்று சொல்லிப் பயனில்லை, அவளுக்கு நிமிஷம் தெரியாது. “இன்னும் இரண்டு டேபிள்” என்றால் புரியும், எந்த இரண்டு என்பதை அவளே தேர்ந்தெடுக்கட்டும். அநேகமாகக் காலையில் பார்த்த டிராகன் டேபிளையே இரண்டு தடவை சொல்வாள். சரி என்று போய் நில்லுங்கள்.