பழைய டீசல் கார்ல க்ளோ ப்ளக் பிரச்சனை, நான் சரி பண்ண விதம்

க்ளோ ப்ளக்னா, டீசல் இன்ஜினை ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடி சிலிண்டரைச் சூடாக்குற சின்ன ஹீட்டர். குளிர் காலைல வண்டி ஸ்டார்ட் ஆகவே மாட்டேங்குது, ரொம்ப நேரம் கிராங்க் பண்ணா வெள்ளைப் புகை விட்டுட்டு ஒரு சிலிண்டர் ரெண்டு சிலிண்டரா திணறி ஓடும். டேஷ்போர்டுல ப்ளக் சூடாகுறதைக் காட்டுற காயில் லைட் எப்பவும் போல எரிஞ்சு அணையும், அதை நம்பித்தான் நான் முதல்ல ஏமாந்தேன், ஏன்னா பல பழைய வண்டில அந்த லைட் வெறும் டைமர்தான், ப்ளக்குக்கு கரண்ட் போகுதான்னு அதுக்குத் தெரியாது.

ப்ளக்குங்களை இணைக்கிற பட்டையைக் கழட்டி ஒவ்வொண்ணா மல்டிமீட்டர்ல பார்த்தேன். மூணு ப்ளக் ஒரு ஓமுக்குள்ள காட்டுச்சு, ஒண்ணு ஓபன், அதாவது உள்ளேயே அறுந்து போயிருக்கு. அதை மாத்தியும் பெருசா மாற்றம் இல்ல.

அப்புறம்தான் விஷயம் பிடிபட்டுச்சு. சப்ளை வயரைத் தனியா வச்சு பார்த்தா 12 வோல்ட் வருது, டெஸ்ட் லேம்பும் பளிச்சுனு எரியுது, ஆனா வயரை ப்ளக்ல மாட்டி லோடு கொடுத்தா 7 வோல்ட்தான். டெஸ்ட் லேம்ப் இழுக்கிறது கொஞ்சூண்டு கரண்ட், ப்ளக் ஒவ்வொண்ணும் 10 ஆம்பியருக்கு மேல இழுக்கும், அதனால லோடு இல்லாம அளக்கிறதே வேஸ்ட்னு நான் சொல்வேன்.

லோடோடவே பேட்டரில இருந்து ஒவ்வொரு இடமா அளந்துட்டு வந்தேன், ப்ளக்குக்கு கரண்டை ஆன்-ஆஃப் பண்ற ரிலே வரைக்கும் சரி, பட்டை ஃப்யூஸ் தாண்டினதும் விழுது, தொட்டா நல்ல சூடு. கழட்டினா ஸ்க்ரூவுக்கு அடில பச்சை பூத்து மயிரிழை விரிசல். பேட்டரி வயரைக் கழட்டிட்டு, டெர்மினலை உப்புத்தாள்ல தேய்ச்சு, அதே ஆம்பியர்ல புது ஃப்யூஸ் போட்டேன். இப்போ ப்ளக்ல 11 வோல்ட்டுக்கு மேல நிக்குது, லைட் அணைஞ்சதும் ஒரே செல்ஃப்ல பிடிச்சிடுது.