காலையில் மட்டும் கேட்கும் டிக் டிக்: மேனிஃபோல்டு கேஸ்கெட்டில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

காலையில் வண்டியை ஸ்டார்ட் செய்ததும் இன்ஜின் பக்கமிருந்து டிக் டிக் டிக் என்று ஒரு சத்தம். ஆக்சிலரேட்டரை மிதித்தால் அதுவும் வேகமெடுக்கும். பத்து நிமிடம் ஓடியதும் அடங்கிவிடும். என் பழைய பெட்ரோல் காரில் இது வந்தபோது, "டேப்பட் (வால்வைத் திறக்கும் பாகம்) சத்தம் சார்" என்று ஒரே வார்த்தையில் முடித்தார்கள். இரண்டு முறை டேப்பட் அட்ஜஸ்ட் செய்து காசும் வாங்கிக்கொண்டார்கள். இரண்டு முறையும் மறுநாள் காலை அதே டிக் டிக்.

மூன்றாவதாகப் பார்த்த மெக்கானிக் பானெட்டைக்கூடத் திறக்கவில்லை. "ராத்திரி இங்கேயே விட்டுட்டுப் போங்க, காலைல நான் ஸ்டார்ட் பண்ணிப் பாக்கறேன்" என்றார். நான் செய்துவந்த தவறு அப்போதுதான் புரிந்தது. சத்தத்தைக் காட்ட வண்டியை ஓட்டிக்கொண்டே போவேன். போய்ச் சேர்வதற்குள் மேனிஃபோல்டு (சிலிண்டர்களின் புகையைச் சேர்த்து சைலன்சர் பக்கம் அனுப்பும் குழாய்) சூடாகி விரிந்து, கசிகிற இடுக்கு தானாகவே அடைபட்டுவிடும். பார்க்கிறவர் காதில் விழுவது நல்ல இன்ஜின்.

மறுநாள் காலை டார்ச் அடித்துக் காட்டினார். வெப்பத் தடுப்புத் தகட்டைக் கழற்றினால், மூன்றாவது சிலிண்டரின் எக்ஸாஸ்ட் வாய்க்கு மேலே விளக்கு மாடத்துச் சுவர் மாதிரி கரி படிந்திருந்தது. டேப்பட்டில் கரி படியாது. சந்தேகம் இருந்தால், இன்ஜின் குளிர்ந்திருக்கும்போதே, திறந்த வெளியில், சைலன்சர் வாயைத் தடித்த துணியால் சில நொடி பொத்திப் பாருங்கள். கசிவாக இருந்தால் சத்தம் கூடும்.

இன்னொரு குழப்பம் பெயரில். கேஸ்கெட் என்பது இரண்டு பாகங்கள் சேரும் இடத்தில் கசியாமல் அடைக்கும் தகடு. "கேஸ்கெட் போச்சு" என்றதும் பலருக்கு வயிற்றைக் கலக்கும், ஹெட் கேஸ்கெட் என்று நினைத்து. அது இன்ஜினின் மேல்பகுதியான ஹெட்டையே இறக்கும் பெரிய வேலை. மேனிஃபோல்டு கேஸ்கெட் அவ்வளவு இல்லை. எந்தக் கேஸ்கெட் என்று கேட்காமல் தலையாட்டாதீர்கள்.

மேனிஃபோல்டிலும் இரண்டு உண்டு. எக்ஸாஸ்ட் பக்கம் கசிந்தால் புகை வெளியே வரும், சத்தம் கேட்கும். இன்ஜினுக்குக் காற்று வரும் இன்டேக் பக்கம் கசிந்தால் வெளிக்காற்று உள்ளே போகும், பெரிதாகச் சத்தம் இருக்காது. ஐடிலிங்கில் இன்ஜின் ஏறி இறங்கும், செக் இன்ஜின் விளக்கு எரியும், கோளாறு படிக்கும் ஸ்கேனரில் பி0171 என்ற எண் வரலாம். கலவையில் பெட்ரோல் குறைவு, காற்று அதிகம் என்று அர்த்தம். அதைப் பார்த்ததும், எக்ஸாஸ்ட் புகையை அளக்கும் ஆக்சிஜன் சென்சாரை மாற்றுவதுதான் இங்கே அதிகம் நடக்கும் வீண் செலவு. சென்சார் பெரும்பாலும் உள்ளதைத்தான் சொல்கிறது. ஸ்கேனரில் ஃப்யூவல் ட்ரிம்மை, அதாவது இன்ஜின் பெட்ரோலை எவ்வளவு கூட்டிக் குறைக்கிறது என்பதைப் பாருங்கள்: ஐடிலிங்கில் அதிகமாக இருந்து, 2,500 ஆர்பிஎம்முக்கு ஏற்றியதும் இறங்கினால் காற்றுக் கசிவுதான். சென்சாருக்கு முன்னால் எக்ஸாஸ்ட் கசிந்தாலும் சென்சார் ஏமாறும். புகைத் துடிப்புகளுக்கு இடையே வெளிக்காற்று உள்ளே இழுபட, ஈசியூ (இன்ஜின் கணினி) தேவையில்லாமல் பெட்ரோலைக் கூட்டும், மைலேஜ் இறங்கும்.

கசிவு தேட, ஓடுகிற இன்ஜின் மேல் கார்புரேட்டர் கிளீனரை அடித்துப் பார்ப்பவர்கள் இருக்கிறார்கள். பக்கத்திலேயே சுடச்சுட எக்ஸாஸ்ட். தீப்பிடிக்க வேறென்ன வேண்டும்? புகை விட்டுப் பார்க்கும் மெஷின் உள்ள இடத்துக்குப் போங்கள்.

கழற்றும்போது அழ வைப்பது ஸ்டட்டுகள், அதாவது மேனிஃபோல்டை ஹெட்டோடு பிடிக்கும் மரைத் தண்டுகள். வருடக்கணக்கில் சூடாகிக் குளிர்ந்து துருவேறியவை. நீளமான பைப்பை ஸ்பானரில் மாட்டி ஒரே இழு இழுத்தால் ஸ்டட் பாதியில் முறிந்து ஹெட்டுக்குள் நிற்கும். அப்புறம் டிரில் போட்டு, லேத் பட்டறைக்கு அலைந்து, அரை நாள் வேலை நாலு நாளாகும். முந்தைய நாளே துரு இளக்கும் ஸ்ப்ரே அடித்து ஊற விடுங்கள். நட்டை முதலில் இம்மியளவு இறுக்கி, பிறகு தளர்த்துங்கள். கிரீச்சிட்டால் நிறுத்தி, மறுபடி ஸ்ப்ரே அடித்து, முன்னும் பின்னுமாகத் திருப்பிக்கொண்டே வாருங்கள். இந்த வேலைக்கு அவசரக்காரர் ஆகாது.

பழைய கேஸ்கெட்டைச் சுரண்ட ஸ்க்ரூடிரைவரை எடுக்காதீர்கள். அலுமினிய ஹெட்டில் ஒரு கீறல் விழுந்தால் புதுக் கேஸ்கெட்டும் அதே வழியாகக் கசியும். பிளாஸ்டிக் சுரண்டி போதும். துகள் உள்ளே விழாமல் துளைகளில் துணி அடைப்பீர்கள், சரி. எத்தனை துணி என்று எண்ணி வையுங்கள். பிறகு நேர்விளிம்பும் ஃபீலர் கேஜும் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்) வைத்து மேனிஃபோல்டு முகம் வளைந்திருக்கிறதா, எங்காவது விரிசல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இதைத் தாண்டிப் போனவர்கள்தான் அடுத்த மாதமே இன்னொரு கேஸ்கெட் வாங்குகிறார்கள்.

சிலிக்கான் பேஸ்ட் தடவினால் கூடுதல் பாதுகாப்பு என்று ஒரு நம்பிக்கை. சூடு தாங்கும் சிவப்பு பேஸ்ட்டே சுமார் 340 டிகிரி செல்சியஸுக்கு மேல் நிற்காது. எக்ஸாஸ்ட் புகை அதைவிட மிகச் சூடு. பல அடுக்கு உலோகக் கேஸ்கெட்டை மேனுவல் வேறு சொல்லாவிட்டால் எதுவும் தடவாமல்தான் போட வேண்டும். நட்டுகளை நடுவிலிருந்து இரு ஓரங்களுக்குமாக, இரண்டு மூன்று சுற்றில், டார்க் ரெஞ்சால் (இறுக்கத்தை அளந்து காட்டும் ஸ்பானர்) இறுக்குங்கள். 8 மில்லிமீட்டர் ஸ்டட் என்றால் பெரும்பாலும் 20 முதல் 30 நியூட்டன் மீட்டர்தான், மேனுவலில் உள்ள எண்ணே கடைசி வார்த்தை. கை பலத்தை நம்பினால் அதைத் தாண்டிவிடும்.

சத்தம்தானே என்று தள்ளிப்போடுவதும் தவறு. எக்ஸாஸ்ட் கசிவிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. ஏசி வெளிக்காற்றை இழுக்கும் வழியாக அது குழந்தைகள் உட்கார்ந்திருக்கும் இடத்துக்கே வரலாம். வண்டியில் போகும்போது தலைவலி, மயக்கம் என்று யாராவது சொன்னால் உடனே நிறுத்தி, கதவுகளைத் திறந்து, எல்லோரும் இறங்கிவிடுங்கள்.

கேஸ்கெட் மாற்றி முடித்ததும் அந்த மெக்கானிக் வண்டிக்கு அடியில் படுத்து, "இதை யார் கட்டினது?" என்று கேட்டார். சைலன்சரைத் தாங்கும் ரப்பர் ஒன்று அறுந்து ஆறு மாதம் இருக்கும். மாற்றச் சோம்பல்பட்டு நான்தான் கட்டுக்கம்பியால் இறுக்கிக் கட்டியிருந்தேன். ரப்பர் வாங்கிக்கொள்ள வேண்டிய அதிர்வை எல்லாம் மேனிஃபோல்டு வாங்கிக்கொண்டிருந்திருக்கிறது. கம்பியை வெட்டிப் போட்டுவிட்டு, புது ரப்பர் வாங்கி வரச் சொல்லி என்னையே கடைக்கு அனுப்பினார்.